எர்ணாவூர் வாசனைக்கு ஒரு லேப் டெஸ்ட்!

எர்ணாவூர்னு சொன்னதும் மூக்குக்கு என்ன ஞாபகம் வருது? கன்டெய்னர் லாரி புகை, கருவாடு, கடல் காத்து... அவ்வளவுதானா? விம்கோ நகர்ல ட்ரெய்னை விட்டு இறங்கி வடக்கே நடங்க. கால்வாய்க் கரை, காலி மனைனு கண்ணை ஓட்டுங்க. நொச்சி, உன்னி, நாய்த்துளசினு யாரும் தண்ணி ஊத்தாமலே வளர்ற செடிகளைத் தேடுங்க. ஒரு நொச்சி இலையைக் கசக்கி முகர்ந்தா குப்புனு ஏறுதே, அந்த நெடிதான் உங்க அடுத்த ப்ராஜெக்ட்!

பாட்டி கெமிஸ்ட்ரி

ஜலதோஷம்னா நொச்சி போட்டு வேது, கொசுன்னா நொச்சிப் புகை. இது பாட்டிங்க வைத்தியம். 2014-ல் சென்னை மாநகராட்சியே கொசுவை விரட்ட, நீர்வழிகளை ஒட்டின வீடுகளுக்கு நொச்சிக் கன்று கொடுத்தது. விஷயம் இலையில இருக்கிற ஆவியாகும் எண்ணெயில இருக்கு.

அதைப் பிரிக்க கிளவெஞ்சர் கருவி போதும். இலையைத் தண்ணியில போட்டு மூணு மணி நேரம் கொதிக்க வச்சா, நீராவியோட எண்ணெயும் கிளம்பும். குளிர்ந்ததும் மேலே மிதக்கும். ஒரு கிலோ இலைக்குச் சில மில்லி தேறினாலே பெரிசு! அதை ஜிசி-எம்எஸ் மெஷின்ல கொடுத்தா கேரியோஃபிலின், சாபினீன், விரிடிஃப்ளோரால்னு உள்ளே இருக்கிறவங்க பேரெல்லாம் வெளியே வரும்.

கிருமியோட மல்லுக்கட்டு

அடுத்தது மைக்ரோபயாலஜி லேப். அகார் தட்டுல ஸ்டெஃபைலோகாக்கஸைப் பரப்பி, எண்ணெயில நனைச்ச காகித வட்டை வச்சு, 37 டிகிரியில ஒரு ராத்திரி விடுங்க. வட்டைச் சுத்தித் தெளிவான வளையம் வந்தா, அங்கே கிருமி வளரலைனு அர்த்தம். எண்ணெய் மூலக்கூறுகள் பாக்டீரியாவோட கொழுப்புச் சவ்வுக்குள்ள புகுந்து அதைக் குலைச்சிடும். ஈ.கோலைக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறதால அது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

இங்கேதான் ட்விஸ்ட்!

மண், வெயில், பருவம் மாறினா ஒரே செடியோட எண்ணெய்க் கலவையும் மாறும். ஏற்காடு நொச்சி ரிசல்ட்டை எர்ணாவூருக்கு ஒட்ட முடியாது. உப்புக் காத்து, 1970 முதல் 2017 வரை ஓடின எண்ணூர் அனல் மின் நிலையம், 2023 டிசம்பர்ல எண்ணெய்க் கழிவு படிஞ்ச முகத்துவாரம்... இத்தனைக்கும் நடுவுல நிக்கிற செடி இது. எர்ணாவூர் இலையையும் வேற ஊர் இலையையும் ஒரே வாரத்துல பறிச்சு ஒப்பிடுங்க. அப்பதான் இந்த மண் செடியை என்ன செஞ்சிருக்குன்னு தெரியும்.

வளையம் வந்ததும் மருந்து கண்டுபிடிச்சாச்சுனு காலரைத் தூக்காதீங்க பாஸ். கிருமியைக் கொல்ற எண்ணெய் மனுஷ செல்லையும் பதம் பார்க்கலாம். இங்கே பறிச்ச இலையில வேதும் பிடிக்காதீங்க.

காலி மனைக்குக் காம்பவுண்டு எழும்பிட்டா சாம்பிளும் போச்சு. எப்போ கிளம்பறீங்க?