கை மாறிய கோட்டை

பிரான்சு நாட்டின் வடபகுதியில் நார்மண்டி என்னும் நிலப்பரப்பு உளது. பாரிசு மாநகரைக் கடந்து வரும் செய்ன் ஆறு, அந்நிலத்தின் வழியே வளைந்து வளைந்து சென்று கடலொடு கலக்கின்றது. ஆந்தலி என்னும் ஊரருகே அவ்வாற்றங்கரையில் வெண்சுண்ணப் பாறைக் குன்று ஒன்று ஓங்கி நிற்கின்றது. ஆற்றுக்கு மேலே ஏறத்தாழ 90 மீட்டர் உயரத்தில், அக்குன்றின்மீது இடிந்த மதில்கள் சில காணப்படும். கையார்க் கோட்டை எனப் புகழ் பெற்ற பேரரணின் எச்சமே அது.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் நார்மண்டி இங்கிலாந்து மன்னன் ஆட்சியில் இருந்தது. 'அரிமா நெஞ்சன்' எனப் பெயர் பெற்ற முதலாம் ரிச்சர்டு அந்நாளைய அரசன். பிரெஞ்சு மன்னனாகிய இரண்டாம் பிலிப்பு நார்மண்டியைக் கவர்தற்குக் காலம் நோக்கியிருந்தான். எனவே, தலைநகராகிய ரூவானுக்குச் செல்லும் ஆற்றுவழியைக் காத்தற்கு ரிச்சர்டு இக்குன்றைத் தேர்ந்தான். ஆயினும் அந்நிலம் அவனுக்கு உரியதன்று. ரூவான் நகரப் பேராயர்க்கு உரியது. அவர்தம் இசைவு பெறாமலே மன்னன் 1196-ஆம் ஆண்டில் பணியைத் தொடங்கினான். சினங்கொண்ட பேராயர், நார்மண்டி முழுவதும் கோயில் வழிபாட்டை நிறுத்தினார். 1197-இல் வேறு ஊர்களை ஈடாக அளித்த பின்னரே பிணக்குத் தீர்ந்தது.

மன்னன் பொருளை நீராய் இறைத்தான். தன் ஆட்சிக்காலம் முழுவதும் இங்கிலாந்துக் கோட்டைகளுக்குச் செலவிட்டதினும் மிகுதியான பொருளை இவ்வொன்றிற்கே செலவிட்டான். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று சுற்றுகள், பாறையைக் குடைந்த ஆழ்ந்த அகழிகள், புறம் புடைத்த வளைவுகளையுடைய உள்மதில் ஆகியன ஈராண்டில் எழுந்தன. ஆனால், 1199-இல் வேறோர் இடத்து முற்றுகையில் அம்பு தைத்து ரிச்சர்டு இறந்தான். கோட்டை அவன் தம்பி ஜானின் கைக்கு வந்தது.

1203-இல் பிலிப்பின் படை கோட்டையைச் சூழ்ந்தது. ஆந்தலி மக்கள் அஞ்சி ஓடிக் கோட்டையுள் அடைக்கலம் புகுந்தனர். நாள்கள் கடந்தன, உணவு குறைந்தது. போரிட இயலாத முதியோரையும் பெண்டிரையும் குழந்தைகளையும் கோட்டைத் தலைவன் கூட்டங் கூட்டமாக வெளியேற்றினான். முதலில் வந்தோரைப் பிரெஞ்சு வீரர் இரங்கி வழிவிட்டனர். பின்னர், எவரையும் விடலாகாது எனப் பிலிப்பு ஆணையிட்டான். இறுதியில் வந்தோர் முன்னே செல்லவும் இயலாது, பின்னே திரும்பவும் இயலாது நடுவே சிக்கினர். கோட்டைக் கதவும் அவர்க்குத் திறக்கவில்லை. கடுங்குளிரில், புல்லையும் ஆற்றுநீரையும் உண்டு அவர்கள் உழன்றனர்; பலர் மாண்டனர். நெடுநாள் கழித்தே பிலிப்பு மனம் இரங்கி, எஞ்சியோர்க்கு உணவளித்துப் போகவிட்டான். இத்துயரைப் பிலிப்பின் அரண்மனைக் குருவாகிய வில்லியம் எழுதி வைத்துள்ளார்.

பகைவர் புறக்கோபுரத்தின் அடியைத் தோண்டிச் சரித்தனர். ஜான் கட்டுவித்த கட்டடத்தின் பலகணி ஒன்றன் வழியே சில வீரர் இரண்டாம் சுற்றினுள் ஏறிக் குதித்தனர். உள்வாயிலுக்கு முன்னர்ப் பாறையிலே பாலமாக விடப்பட்டிருந்த பகுதியே, மதிலைத் தோண்டுவோர்க்கு மறைவிடமாயிற்று. 1204, மார்ச்சு 6-ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. அவ்வாண்டே ரூவானும் பிலிப்பின் வசமாயிற்று.

அதன்பின் அக்கோட்டை பலர்க்கு உறைவிடமாயிற்று. 1314-இல் பிரெஞ்சு இளவரசன் மனைவி மார்கரெட்டு அங்குச் சிறை வைக்கப்பட்டாள். 1334 முதல் 1341 வரை, நாடிழந்த சுகாத்துலாந்து மன்னன் இரண்டாம் டேவிட்டு அங்குத் தங்கியிருந்தான். நூற்றாண்டுப் போரில் 1419-இல் ஆங்கிலேயர் அதனை மீண்டும் முற்றுகையிட்டனர். கிணற்றில் நீர் இறைக்கும் கயிறுகள் தேய்ந்து அறுந்தமையால் உள்ளிருந்தோர் பணிந்தனர் என்பர். மாமதிலால் தடுக்கலாகாத தோல்வியை ஒரு கயிறு கொணர்ந்தது! 1430-இல் பிரெஞ்சுக்காரர் அதனை மீட்டனர். ஆங்கிலேயர் மறுபடியும் கவர்ந்தனர். 1449-இல் அது முடிவாகப் பிரெஞ்சுக்காரர்க்கே உரியதாயிற்று.

பின்னர்க் கோட்டை பாழடைந்தது. ஆயினும், தீயோர் எவரேனும் அதனைப் புதுக்கிக்கொண்டு குடிமக்களைத் துன்புறுத்தக்கூடும் என்னும் அச்சம் நீங்கவில்லை. எனவே, நாட்டு மன்றத்தாரின் வேண்டுகோட்கு இணங்கி, 1599-இல் நான்காம் என்றி மன்னன் அதனை இடிக்க ஆணையிட்டான். கற்களிற் சில துறவியர் மடங்களின் பணிக்குச் சென்றன. எஞ்சிய பகுதி 1862-இல் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

பேராயர், ஆங்கில மன்னர், பிரெஞ்சு மன்னர் என உரியவர் மாறிக்கொண்டேயிருந்தனர். 'என் கோட்டை' என்று கூறியவருள் ஒருவரேனும் நிலைத்திலர். அடைக்கலம் புகுந்தோரைப் பனியில் தள்ளிய அரண், தன் தலைவனையும் காக்கவில்லை. இருப்பவர் அஞ்சி எழுப்பிய மதிலை, பின்வந்தோர் அஞ்சி இடித்தனர். குடிகளைக் காவாத கோட்டை, எத்துணை உயர்ந்ததாயினும் வெறுங் கற்குவியலே அன்றோ?