பதினெட்டு வளைவும் மூன்று வண்டிகளும்

மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குச் செல்வோர்க்கு வழிகள் பல உண்டெனினும், மகியங்கனை வழியே செல்லும் பாதைக்குத் தனிச்சிறப்பொன்றுண்டு. செங்கலடியில் மேற்கு நோக்கித் திரும்பி, கரடியனாறு, மகா ஓயா, பதியத்தலாவை ஆகிய ஊர்களைக் கடந்து மகாவலி கங்கையை அடையும் வரை நிலம் பெரிதும் முரண்டு பிடிப்பதில்லை. ஹசலக்கவைத் தாண்டியதும், வாயிலில் நின்று மறிக்கும் காவலன்போல் மலை எதிரே எழுகின்றது. தும்பறை மலைத்தொடரின் கீழ்ச் சரிவில், பாம்பு உடலைச் சுருட்டினாற்போல் பாதை தன்னைத் தானே மடித்து மடித்து மேலேறுகின்றது. பதினெட்டு வளைவு என்பது அதன் பெயர்.

2025ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையில் ஆசிரியர் குடும்பங்கள் சில சேர்ந்து இவ்வழியே கண்டி சென்று மீண்டோம். வண்டிகள் மூன்று, ஒன்று ஹொண்டா வெசல், ஒன்று ரொயோற்றா சீ.எச்.ஆர்., மற்றையது எம்முடைய சுசுக்கி விற்றாரா. நம் நாட்டார் இவை யாவற்றையும் ஜீப் என்றே அழைப்பர். உண்மையில் இவை காரின் அடித்தளத்தின்மேல் சற்றே உயர்த்திக் கட்டப்பட்ட குடும்ப வண்டிகளேயாம். காட்டுக்கும் சேற்றுக்கும் பிறந்த பழைய ஜீப்புடன் இவற்றுக்கு உறவு சொற்பமே.

எம்முடன் வந்த இரசாயன ஆசிரியரான நண்பர் ஒருவருக்கு வண்டி இல்லை. வாங்க எண்ணியிருந்தார். 2020 மார்ச்சு முதல் 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால், பழைய வண்டியின் விலையும் மலையேறி நின்றது. இருபது ஆண்டுச் சேமிப்பும் வங்கிக் கடனும் ஒருங்கே இதிற் போகவேண்டும். வயது முதிர்ந்த தாயாரையும் இரு பிள்ளைகளையும் அதில் ஏற்றிச் செல்லவேண்டும். எனவே அவருக்கு இப்பயணம் வெறும் உல்லாசம் அன்று.

ஏற்றத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. வெசலின் ஒன்றரை லீற்றர் இயந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்து 152 குதிரைவலு தருகின்றன. அது மலையை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. ஏனைய இரண்டும் ஏறத்தாழ 120 குதிரைவலுவே உடையன. ரொயோற்றாவின் நிறையோ 1,440 கிலோகிராம். முன்சக்கரங்களால் மாத்திரம் இயங்கும் விற்றாராவின் நிறை 1,200க்கும் குறைவு. ஆகவே ஒரே வலுவாயினும் விற்றாரா இலகுவாக ஏறுகின்றது. எனினும், முன்னே ஒரு பேருந்தும் அதன் முன்னே மூங்கில் ஏற்றிய லொறியும் ஊர்ந்து செல்லும்போது, 152 குதிரைகளும் 120 குதிரைகளும் ஒரே நடைதான் நடக்கின்றன. வண்டி விற்போர் வலுவைப் பற்றிப் பேசுவதில் பாதியை இப்பாதை பொய்யாக்கிவிடுகின்றது.

இறக்கமே சோதனை. கண்டியில் இரு நாள் தங்கியபின், தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய, உடதும்பறை வழியே மீண்டோம். பிற்பகலாயிற்று. சித்திரை மாதத்து மலைகளில் பிற்பகல் என்றாலே இடியும் மழையும் எதிர்பார்க்கத்தக்கன. மழை வந்தது, வந்த வேகத்திலேயே போயிற்று. பாதை நனைந்து கறுத்துப் பளபளத்தது. மேல் வளைவிலிருந்து பார்க்கையில், மகாவலிச் சமவெளி முழுவதும் வயலும் குளமும் காடுமாகக் காலடியில் விரிந்து கிடந்தது. பிள்ளைகள் பேச்சை மறந்தனர். ஆறு வளைவுக்கு ஒரு வண்டியாக மாற்றி மாற்றி ஓட்டுவதென்று முன்னரே தீர்மானித்திருந்தோம்.

இவ்விடத்தில் சிறு கணக்கொன்றைச் சொல்லவேண்டும், மாணவர் பொறுத்தருள்க. ஆட்களும் பொதிகளும் ஏறிய வண்டி 1,600 கிலோகிராம் எனக் கொள்வோம். அது வேகங் கூடாமல் நூறு மீற்றர் உயரம் இறங்குவதற்குள், ஏறக்குறைய ஐந்து லீற்றர் நீரைக் கொதிக்கவைக்கப் போதிய வெப்பத்தை எங்கேனும் கழித்தாகவேண்டும். அவ்வளவையும் பிறேக்கின் தலையிலேயே கட்டினால் அது காய்ந்து களைத்துப்போகும். மின்மோட்டார் உள்ள வண்டிகள் அச்சக்தியில் ஒரு பங்கை மின்கலத்தில் சேமிக்கின்றன. ஏறும்போது செலவிட்டதை இறங்கும்போது ஓரளவு திரும்பப் பெறுகின்றன. அழகிய ஏற்பாடுதான். ஆயினும் வெசல், சீ.எச்.ஆர். இரண்டினதும் மின்கலங்கள் வீட்டு மின்மானிக் கணக்கில் ஒன்றரை அலகுக்கும் குறைந்தவை. நெடிய இறக்கத்தில் அவை விரைவிலேயே நிறைந்துவிடும். நிறைந்த குடத்தில் மேலும் நீர் வார்க்க முடியாதல்லவா? அதன்பின் இயந்திரத்தின் தடையையே நம்பவேண்டும். ரொயோற்றாவில் 'பி' என்று குறித்த நிலைக்குக் கோலைத் தள்ளினால் இயந்திரம் முனகிக்கொண்டே வேகத்தைப் பிடித்துவைக்கின்றது. வெசலின் ஏழு கியர்ப் பெட்டியும் விற்றாராவின் ஆறு கியர்ப் பெட்டியும் கீழ்க்கியரில் நின்று அதே பணியைச் செய்கின்றன. இந்நிலைகளை ஒருநாளேனும் தொட்டுப்பாராத சாரதிகள் நம்மிடையே எத்தனை பேர்!

வளைவில் திரும்பும் திறத்தில் மூன்றும் ஒன்றல்ல. ரொயோற்றாவின் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே தாங்கப்பட்டுள்ளன. மற்றைய இரண்டிலும் பின்சக்கரங்களை ஒரே வளை இணைக்கின்றது. அதன் கூரையும் ஏனையவற்றிலும் ஐந்தாறு சதமமீற்றர் தாழ்ந்தது. ஆதலால் கொண்டையூசி வளைவில் அது தரையை விட்டு மனம் பிரியாது திரும்புகின்றது; சாய்வு மிகச் சிறிது. வெசல் இறுக்கமான உடம்புடையது; சுக்கானின் சொற்கேட்டு உடனே திரும்பும். விற்றாரா சற்றுச் சாயத்தான் செய்கின்றது. ஆனால் அதன் முன்பின் சக்கரங்களுக்கிடையே 2,500 மில்லிமீற்றரே உள்ளமையாலும், உடல் இலேசானமையாலும், ஒடுங்கிய இடத்தில் அதனைக் கையாளுதல் எளிது. ஓட்டுவோன் இன்பம் ஒன்றையே நாடின், எமது வண்டி என்று பாராமல், ரொயோற்றாவுக்கே முதலிடம் வழங்குவோம்.

குடும்பம் என்பதோ சாரதி ஒருவன் மாத்திரமன்று. சீ.எச்.ஆரின் பின்கதவு ஜன்னல் சிறியது. மலைக்காட்சி பின்னிருப்போர்க்குப் பாதியே கிட்டும். வெசலின் பெற்றோல் தாங்கி முன்னிருக்கைகளின் கீழ் அமைந்திருப்பதால் பின்புறம் இடம் தாராளம். இருக்கையின் அடிப்பலகையை மேலே மடித்துக் கண்டியில் வாங்கிய பூஞ்சட்டிகளை நிமிர்த்தியே வைத்துவிட்டனர் பெண்கள். நண்பரின் தாயார் மூன்றிலும் ஏறி இறங்கிய பின்னர், விற்றாராவின் கதவைப் பிடித்துக்கொண்டு, "மகன், இதுல ஏறக் குனியவும் தேவல்ல, காலத் தூக்கவும் தேவல்ல" என்றார். அளவுநாடா கொண்டு நாம் அளந்தவற்றைவிட அம்மொழி நண்பரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது போலும்.

மலையடியில் வண்டிகளை நிறுத்தினோம். நண்பர் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைப் பிடித்து வெப்பம் பார்த்தார். எம் வண்டிகள் மூன்றிலும் கருகல் வாடை இல்லை. எமக்குப் பின்னே வந்து நின்ற லொறியிலிருந்து அவ்வாடை மூக்கைத் துளைத்தது. அதன் சாரதி இறங்கி, சக்கரங்களின்மேல் நீரை ஊற்றப் போனார். "அண்ணே, சுடச்சுட ஊத்தாதீங்க, வெடிச்சிரும்" என்று தடுத்தவர் எம் இரசாயன ஆசிரியரே. இருவரும் மரநிழலில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர்.

மகியங்கனைக்கப்பால் பாதை நேராயிற்று. மூன்று வண்டிகளும் ஒன்றுபோலவே ஓடின. மகா ஓயாவின் வெந்நீர்க் கிணறுகளில் பிள்ளைகள் கைவைத்துக் கூச்சலிட்டனர். யானை கடக்கும் இடமாதலால் இருட்டுமுன் புறப்பட்டுவிட்டோம்.

அடுத்த மாதம் நண்பர் பழைய விற்றாரா ஒன்றை வாங்கினார். பழைய வண்டியின் மின்கலம் எவ்வளவு காலம் நிற்கும் என்று கணித்துச் சொல்வார் எவருமில்லை என்பது அவர் சொன்ன காரணம். தாயார் சொன்னது சொல்லாத காரணம். வாங்கிய மறுநாளே பிறேக் எண்ணெயை மாற்றுவித்தார். அவ்வெண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சுமென்றும், உறிஞ்ச உறிஞ்ச அதன் கொதிநிலை தாழுமென்றும், உயர்தர வகுப்பு மாணவருக்கு இப்பொழுது பாடமும் நடத்துகின்றார்.