சங்குப்பிட்டி வழியே பூநகரிக்கு

நாவற்குழியிலிருந்து தெற்கே பிரிந்து செல்லும் மன்னார் வீதி, தனங்கிளப்பைத் தாண்டியதும் ஊரின் சந்தடியை மறந்துவிடுகின்றது. இருமருங்கும் உவர்நிலம், அதற்கப்பால் ஆழமற்ற கடனீரேரி. கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையே முன்னர் ‘பாதை’ என்று வழங்கிய மிதவையிலேயே மக்கள் நீரைக் கடந்தனர். 2011ஆம் ஆண்டு தை மாதத்தில் 288 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்ட பின்னர், பூநகரி யாழ்ப்பாணத்துக்கு அயலூர் போலாயிற்று.

இவ்வீதியின் அழகு நீரும் காற்றுமே. இரும்புக்குப் பகையும் அவையே. இதனைச் சென்ற மாசி மாதம் பூநகரிக்குச் சென்றபோது நாம் கண்கூடாகக் கண்டோம். போர்த்துக்கீசர் கட்டி, ஒல்லாந்தர் பின்னர் விரிவாக்கிய கோட்டையின் எச்சங்களைப் பார்ப்பதும், அவ்வூருக்குப் பேர்பெற்ற மொட்டைக்கறுப்பன் அரிசி வாங்குவதும் நமது நோக்கம். உடன் வந்தவர் எழுபதைக் கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரார் அனைவருக்கும் ‘மாஸ்ரர்’. அவரது மோட்டார் சைக்கிள் 1970களில் வந்த யப்பானிய வண்டி. பல்லாண்டுகளாக அவர் அதிலேயே கடனீரேரியோரப் பாடசாலைக்குச் சென்று வந்தார்.

நாவற்குழிச் சந்தியில் வண்டிகள் நெருங்கி நின்றன. கிளச் பிடியை இழுக்க மாஸ்ரர் நான்கு விரல்களையும் இறுக்க வேண்டியதாயிற்று. பாலத்தை அடைந்ததும் வண்டியை நிறுத்தி, இடக்கையை உதறிக்கொண்டே சொன்னார்: “தம்பி, கை ஏலாமல் போச்சு. இனி இதை வித்துப்போட வேணும். இதுதான் கடைசிப் பயணம்.”

நாம் மறுமொழி கூறவில்லை. நீரிலே சில பூநாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன.

பூநகரியில் வீதியோரமாகச் சிறிய கராஜ் ஒன்று இருந்தது. அங்கிருந்த இளைஞர் பிடியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். “ஐயா, உங்கட கைக்கு ஒண்டுமில்லை. எனக்கும் இது கடினமாத்தான் இருக்கு. எங்கை பிடிக்குதெண்டு பாப்பம்” என்றார்.

அவர் எடுத்த எடுப்பில் எஞ்சினைக் கழற்றவில்லை. முதலில் ஹாண்டிலை இடமும் வலமும் முழுவதாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் பிடியை இழுத்தார். வலப்புறம் திருப்பியபோது இறுக்கம் கூடியது. வயர் எங்கோ நெருக்குண்கிறது என்பதற்கு அது முதல் அடையாளம்.

அடுத்து, வயரைத் தளர்த்திப் பிடியிலிருந்து விடுவித்தார். தனித்து நின்ற பிடி ஒரு விரலுக்கே இசைந்து ஆடியது. ஆகவே பிடியிலும் அதன் ஆணியிலும் குற்றமில்லை. பின் வயரின் கீழ்நுனியை எஞ்சினிலுள்ள சிறு கரத்திலிருந்து கழற்றி, அக்கரத்தைக் கையால் அசைத்தார். அது சற்றுத் தளர்வாக நகர்ந்து, உள்ளிருக்கும் சுருள்விற்களின் எதிர்ப்பிலே நின்றது. அது இயல்பான நிலை. அங்கே கரகரப்போ சிக்கலோ இருந்திருந்தால், எஞ்சினின் பக்க மூடியைத் திறக்க நேர்ந்திருக்கும்.

எஞ்சியது வயர் மட்டுமே. இரு நுனிகளும் விடுபட்ட வயரை இழுத்தபோது அது உறைக்குள்ளே தயங்கித் தயங்கி நகர்ந்தது. முன்விளக்குக்குப் பின்னால் வளையுமிடத்தில் உறையின் மேற்றோல் வெடித்திருந்தது. அவ்வெடிப்பினூடே புகுந்த உப்பு ஈரம் உள்ளே துருவாகப் படிந்திருந்தது. பிடியோடு பொருந்தும் நுனியில் வயரின் இழைகள் இரண்டு அறுந்தும் கிடந்தன.

“துரு மட்டுமெண்டால் எண்ணெய் விட்டுப் பாக்கலாம். இழை அறுந்தாப் பிறகு எண்ணெய் உதவாது. நடுவழியில அறுந்திருந்தால் என்ன செய்வியள்?” என்றார் இளைஞர். ஆளரவமற்ற அவ்வீதியை எண்ணி நாம் உள்ளூர அஞ்சினோம்.

அயற்கடையில் புதிய வயர் கிடைத்தது. கூரிய வளைவு நேராதபடி அதனை அகலமாக வளைத்துக் கொண்டுசென்று, பிடியின் ஆணிக்குச் சிறிது கிறீஸ் பூசினார். பிடியின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை தளர்வு இருக்குமாறு திருகைச் சரிசெய்தார். தளர்வு அறவே இல்லாவிடின் கிளச் தட்டுகள் வழுக்கித் தேயும். மிகுந்தால் கியர் இலகுவில் விழாது.

மாஸ்ரர் பிடியை இழுத்தார். இரண்டு விரல்களே போதுமாயின. மீண்டும் மீண்டும் இழுத்துப் பார்த்தார்; பின் தமது இடக்கையை விரித்து நோக்கினார். துரு ஒருநாளில் ஏறுவதில்லை. நாள்தோறும் அணுவணுவாக இறுகிய வயரோடு அவர் கையும் இணங்கிப் பழகிவிட்டது. பழக்கம் தாங்காத நிலை வந்தபோது, அவர் வண்டியை ஐயுறவில்லை. தமது வயதையே ஐயுற்றார். இளைஞரோ எதையும் முன்கூட்டி ஐயுறாது, ஒவ்வோர் உறுப்பையும் தனியே பிரித்து வினவினார். நோய் நாடும் மருத்துவருக்கும், கணக்கில் பிழை தேடும் மாணவருக்கும் அம்முறை பொருந்தும்.

கோட்டையைப் பார்த்து, அரிசியும் வாங்கிக்கொண்டு மாலையில் திரும்பினோம். விற்பனையைப் பற்றிய பேச்சே எழவில்லை. பாலத்தின் நடுவே மாஸ்ரர் சற்றுத் திரும்பிக் கேட்டது ஒன்றே: “தம்பி, வாற கிழமை மன்னார் வரைக்கும் போவமோ?”