லோரிச் சாலையில் மூன்று ஏரிகள்

காலை ஆறரைக்கு ஜெலுத்தோங் அடுக்குமாடியிலிருந்து கிளம்பும்போது அப்பா பின் இருக்கையில்தான் ஏறினார். "முன்னால உக்காருங்கப்பா" என்றேன். "இங்கயே இருக்கேன்" என்றார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முன்னால் உட்கார்ந்தார். நான்கு மாதமாக வீட்டில் இப்படித்தான்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா லோரி ஓட்டுநர். ஏறக்குறைய முப்பது வருடம், பிறையிலிருந்து ஈப்போவுக்கு. சரக்கு வாகன உரிமத்தைப் புதுப்பிக்கக் கண் பரிசோதனை உண்டு. இனிப்புநீர் அவர் கண்ணைத் தின்ன ஆரம்பித்து நாளாகியிருந்தது. கிளினிக் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை அவர் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். கடைசியாகப் போனபோது நானும் அறைக்குள் இருந்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிப்பிள்ளை திருக்குறள் ஒப்பிப்பதுபோல, கடைசி வரிவரை சொன்னார். டாக்டர் பேனாவை எடுத்தார். "டாக்டர், வலது பக்கத்துலருந்து வாசிக்கச் சொல்லுங்க" என்றேன்.

அவ்வளவுதான். அப்பா வாசிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

விழித்திரையில் கசிவு, கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்று மருத்துவமனையில் தேதி கொடுத்தார்கள். இரண்டு தேதிகள் தாண்டிவிட்டன. போக மாட்டேன் என்கிறார். இந்தப் பயணம் அம்மாவின் யோசனை. "அவரு ஓட்டுன ரோட்டுல ஒரு நாளு அவர உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போ."

நெடுஞ்சாலை வேண்டாம் என்று பழைய சாலையையே பிடித்தேன். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்த பிறகும் டோல் காசு மிச்சம் என்று முதலாளி அவரைப் பழைய சாலையில்தான் அனுப்புவாராம். நிபோங் திபாலில் பசியாறினோம். நான் நான்கு வருடம் பொறியியல் படித்த ஊர். வளாகத்துக்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வேலைக்கும் நடுவே அந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டு ரொட்டி சானாய்க் கடைகள் மட்டுமே. அப்பாவுக்கோ, எந்த வளைவில் மழைத்தண்ணீர் தேங்கும், எந்தக் கடையில் லோரி நிறுத்த இடம் கொடுப்பார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. அம்மாவிடம்தான் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குக் கேட்கும்படி.

பாரிட் புந்தார் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். கிரியான் மாவட்டம். ஒரு காலத்தில் இந்தப் பகுதியில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிய இடங்களில் இதுவும் ஒன்று. அந்த ஒப்பந்த முறை ஒழிந்தது 1910இல்தான். கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய் செம்பனை வந்தது. நெல் மட்டும் நின்றுவிட்டது, புக்கிட் மேரா ஏரியின் தயவில்.

அந்த ஏரி பழைய சாலையில் போகிறவர் கண்ணில் படாது. செமாங்கோல் பக்கம் திரும்பி உள்ளே போக வேண்டும். முப்பது வருடத்தில் அப்பா ஒருமுறைகூடத் திரும்பியதில்லை. "சரக்கு ஏத்திக்கிட்டு ஏரி பாக்கப் போறதா?" என்றார். இந்த முறை நேராக என்னிடம். நான்கு மாதத்தில் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஏரி என்கிறோமே தவிர, அது அணை கட்டித் தேக்கிய நீர். கிரியான் பாசனத் திட்டம் 1906இல் முடிந்தது. மலாயாவின் முதல் பெரிய பாசனத் திட்டம். இன்றும் வயலுக்கும் குடிதண்ணீர்க் குழாய்க்கும் அதே ஏரிதான். நாங்கள் போன அன்று தண்ணீர் இறங்கிக் கரையோரம் சேறு தெரிந்தது. தூரத்தில் ரயில் பாலம், மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளம். ஏரியின் நடுவே போகிறது. ஒரு ரயில் வந்தது. நான் பார்ப்பதற்கு முன்பே அப்பா தலையைத் திருப்பினார். "கரண்டு ரயிலு. பழைய வண்டியா இருந்தா இன்னும் முன்னாடியே கேட்டிருக்கும்." அவர் பார்க்கவில்லை, கேட்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவர் கை அப்பாவின் முழங்கையில் இருந்தது.

தைப்பிங்கில் மழை. ஆண்டுக்கு ஏறக்குறைய 4000 மில்லிமீட்டர் பெய்யும் ஊர், கேட்கவா வேண்டும். இன்று எத்தனை மணிக்கு மழை வரும் என்று பந்தயம் கட்டுவார்களாம் அந்தக் காலத்தில். ஏரிப் பூங்காவின் ஏரிகளும் ஏரிகள் அல்ல. தோண்டிக் கைவிட்ட ஈயக் குட்டைகள். ஈயத்துக்காக சீன ரகசியச் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் வெட்டிக்கொண்ட பூமி இது. 1874இல் சண்டை ஓய்ந்து, நிரந்தர அமைதி என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். 1880களில் குட்டைகள் பூங்காவாயின. கரையில் நட்ட தூங்குமூஞ்சி மரங்கள் சாலைக்கு மேலே கையை நீட்டித் தண்ணீரைத் தொடுகின்றன. கல்யாண ஜோடிகள் படம் எடுக்கிற இடம். நாங்கள் போனபோதும் ஒரு ஜோடி குடைக்குள் ஒதுங்கி நின்றிருந்தது. பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி மணப்பெண் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள், நல்ல தமிழில்.

அப்பா ஒரு கிளையைத் தடவிப் பார்த்தார். "இந்த ஊருல ஒரு ராத்திரி டயர் வெடிச்சிருச்சு. நீ பொறந்த ராத்திரி" என்றார். இது எனக்குத் தெரியாது. நான் பிறந்தபோது அப்பா வேலைக்குப் போயிருந்தார் என்பது மட்டும் வீட்டில் அவ்வப்போது வரும், அம்மாவின் குறையாக. மழையில் டயர் மாற்ற ஆள் கிடைக்காமல் விடிய விடிய லோரிக்குள் உட்கார்ந்திருந்தாராம். கைபேசி இல்லாத காலம். மறுநாள் பிறைக்குத் திரும்பிய பிறகுதான் ஆண் பிள்ளை என்று தெரியும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருடமாக அவரிடமும் இதைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

கோலகங்சாரில் சாப்பிட்டுவிட்டு லெங்கோங் சாலையில் ஏறினோம். ராபான் ஏரி. பேராக் ஆற்றின் குறுக்கே செண்டரோ அணை கட்டியபோது தேங்கிய நீர் இது. 1930இல் கட்டி முடித்தார்கள், கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொடுக்க. ஒன்று நெல்லுக்கு, ஒன்று ஈயம் தோண்டிய குழி, ஒன்று ஈயத்துக்கான மின்சாரம். ஒரு நாள் முழுக்க அழகு பார்க்கப் போய், வேலைத்தலங்களையே பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். மூன்றில் அழகானது ராபான்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பச்சைத் தண்ணீர், சுற்றிலும் மலை, கரையோரக் கடைகளில் பெக்காசாம் மீன் வாடை.

அம்மா மீன் வாங்கப் போனார். நானும் அப்பாவும் மட்டும்.

"அந்தக் கரையில என்ன இருக்கு?" என்று கேட்டார்.

படகு ஒன்று, இரண்டு வீடுகள், ஒரு தென்னை, மேலே மலை, மலையில் மேகம். சொன்னேன். படகு என்ன நிறம் என்றார். நீலம் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"அன்னிக்கு என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்ல, தம்பி?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்." பிறகு, "ஆனா சொல்லியிருக்கலாம்."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர் கண்களோடு இன்னும் ஒரு வருடம் அந்தச் சாலையில் லோரி ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த அறையில், ஒரு வேற்றாள் முன்னால் நான் எப்படிச் சொன்னேன் என்பதும் தெரியும். ஒன்று இன்னொன்றைச் சரிசெய்யவில்லை. "செவ்வாய்க்கிழமை தேதி இருக்குப்பா. நான் லீவு போட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னேன். "பாப்போம்" என்றார். பார்ப்போம் என்ற சொல்லை அவர் வாயால் கேட்க என்னவோபோல் இருந்தது.

திரும்பும்போது நெடுஞ்சாலை. அம்மா மீன் பொட்டலத்தோடு பின்னால் ஏறித் தூங்கிப்போனார். அப்பா முன்னால். பினாங்கு பாலம் ஏறும்போது இருட்டிவிட்டது. பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் தட்டத் தட்ட அவர் தொடையில் விரலால் எண்ணிக்கொண்டு வந்தார்.

"இடது லேன்ல போ."

"அப்பா, இது மைவி. லோரி இல்ல."

"தெரியும். இடது லேன்ல போ."

போனேன்.