வயலுக்கு ராயல்டி

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் வயல் வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். நெல்லைவிட வாழை லாபம். வாழையைவிட மண்ணடித்து மனை போட்டால் லாபம். வயலை நிரப்பாதே என்றது கேரளத்தின் 2008 சட்டம். நிரப்பாதவனுக்கு என்ன கிடைக்கும்?

2020-இல்தான் கேரள அரசு ராயல்டி கொடுக்கத் தொடங்கியது. விளைச்சலுக்கு அல்ல, வயலை வயலாகவே வைத்திருப்பதற்கு. மழைநீரைத் தேக்கி அக்கம்பக்கத்துக் கிணறுகளில் ஊற வைக்கிறதே, அதற்கான கூலி. அருமையான யோசனை. தொகைதான் சிரிப்பு: ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள். சென்டுக்கு 8 ரூபாய். ஒரு சாயாவுக்குக் காணாது!

உர மானியத்துக்கு மத்திய அரசு ஆண்டுக்கு 1 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கொட்டுகிறது. அதில் கொஞ்சத்தை இந்த வயல்களின் பக்கம் திருப்பிவிடுங்கள் ஐயா.