ஹூக்ளிக் கரையில் ஒரு தூண்

கல்கத்தாவுக்கு வரும் உறவினர்களை நாம் அழைத்துச் செல்லும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றே. காளி கோயில், தட்சிணேசுவரம், பேலூர் மடம், விக்டோரியா மண்டபம். மாலை வேளையில் பிரின்ஸெப் படித்துறை. அங்கே படகு ஏறி, இரண்டாம் பாலத்தின் நிழலில் காற்று வாங்கித் திரும்பும் நம்மவர் பலர், படித்துறைக்குத் தெற்கே ஹேஸ்டிங்ஸ் பகுதியில் ஆற்றை நோக்கி நிற்கும் உயரமான தூண் ஒன்றைக் கண்டிருப்பார்கள். கண்டும் இன்னதென்று கேளாமலே வந்திருப்பார்கள். மசூதி என்று எண்ணுவோர் உண்டு. கோயில் என்று நினைத்துக் கைகூப்பியவரையும் நான் அறிவேன். (நகரின் பெயர் 2001 முதல் கொல்கத்தா. பழங்கதை பேசும் இக்கட்டுரையில் பழைய பெயரே இருக்கட்டும்.)

அது மசூதியுமன்று, கோயிலுமன்று. லஸ்கர் போர் நினைவுச் சின்னம். முதல் உலக யுத்தத்தில் கடலில் மாண்ட இந்திய மாலுமிகளுக்காக எழுப்பப்பட்டது. சுமார் 100 அடி உயரம். நான்கு பட்டையாக மேலெழும்பி, உச்சியில் நான்கு சிறு கோபுரங்களும் நடுவே ஒரு குவிமாடமுமாக முடிகிறது. மேற்பகுதியில் வெயில் மறைக்கும் இறவாரமும் மாடமும் வடநாட்டு அரண்மனைகளை நினைவூட்டுகின்றன. அடிப்பகுதியே என் மனத்தைக் கவர்ந்தது. நான்கு புறமும் பழங்காலக் கப்பலின் முகப்பு ஒன்று கல்லிலிருந்து புடைத்து வருகிறது. அதன் கீழே அலை அலையாக வரிகள். கரையில் நிற்கும் தூண், நான்கு திசைக்கும் பயணம் புறப்பட்டதுபோல் தோன்றும். வில்லியம் இங்கிராம் கெர் என்பவர் வகுத்த அமைப்பு. கப்பல் கம்பெனிகளும் வாணிகக் கம்பெனிகளும் பணம் கொடுத்தன. 1924 பிப்ரவரி 6 அன்று வங்காள கவர்னர் லிட்டன் பிரபு திறந்து வைத்தார்.

கல்வெட்டு சொல்வது சுருக்கமான செய்தி. வங்காளம், அஸ்ஸாம், வட இந்தியா ஆகிய பகுதிகளைச் சேர்ந்த 896 கடலோடிகள் யுத்தத்தில் உயிர் நீத்தனர். எண் இருக்கிறது, பெயர்கள் இல்லை.

லஸ்கர் என்பது படையைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. ஐரோப்பியர் கப்பல்களில் வேலை செய்த இந்திய மாலுமிகளுக்கு அது பொதுப்பெயராயிற்று. அவர்களை ஆள் சேர்த்துக் கொண்டு வந்து வேலை வாங்குபவன் சாரங். அவனுக்கு அடுத்தவன் தண்டல். இந்தச் சொல்லைக் கேட்டதும் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த நம் அன்பர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நம் தோணிக்காரர் வழக்கிலும் தண்டல் உண்டு. மேல்தளத்து வேலைக்கு நவகாளி, சிட்டகாங் பக்கத்து ஆட்கள். எஞ்சின் அறைக்குப் பெரும்பாலும் சில்ஹெட் மாவட்டத்து ஆட்கள். சில்ஹெட் அந்நாளில் அஸ்ஸாம் மாகாணத்தைச் சேர்ந்தது. கல்வெட்டில் கடலே இல்லாத அஸ்ஸாம் இடம் பெற்றதன் காரணம் அதுவே.

எஞ்சின் அறை வேலை எளிதன்று. கப்பலின் அடிவயிற்றில், கொதிகலனின் வாய் முன் நின்று, நிலக்கரியை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சம்பளமோ அதே கப்பலின் வெள்ளை மாலுமி வாங்கியதில் ஒரு சிறு பங்கு. நீர்மூழ்கிக் கப்பலின் குண்டு பக்கத்தைத் துளைத்தால் முதலில் வெள்ளம் புகுவது அங்கே. மேல்தளத்தில் இருப்பவன் படகை நோக்கி ஓடலாம். கீழே இருப்பவன் இரும்பு ஏணியில் ஏறித்தான் வானத்தைக் காண வேண்டும். இவர்கள் துப்பாக்கி ஏந்தியவர்கள் அல்லர். போர்வீரர் என்று எவரும் அழைத்ததுமில்லை. ஆயினும் தேயிலையும் சணலும் கோதுமையும் படைக்கலமும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது இவர்கள் கைவலியால்.

யுத்தம் இந்த ஆற்றின் வாயிலுக்கே வந்ததை நம்மவர் மறக்க இயலாது. 1914 செப்டம்பரில் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் வங்கக் கடலில் நுழைந்து, கல்கத்தா வழியே போய்வந்த கப்பல்களைச் சில நாட்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்து மூழ்கடித்தது. அதன் தலைவர் பிடிபட்ட மாலுமிகளைக் கொல்லவில்லை. ஒரு கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்கே அனுப்பிவிட்டார். அதே மாதம் 22 ஆம் தேதி இரவு எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய கதை நம் பாட்டிமார் சொல்லி நாம் கேட்டது. கெட்டிக்காரனை ‘எம்டன்’ என்று இன்றும் சொல்லுகிறோம். பின்னாளில் வந்த நீர்மூழ்கிகள் அந்தத் தாட்சணியம் காட்டவில்லை.

பெயர் விஷயத்துக்கு வருவோம். லஸ்கர்களுக்குப் பெயர்ப் பட்டியல் இல்லாமற் போயிற்று என்று எவரும் சமாதானம் சொல்ல முடியாது. கப்பலேறும்போது ஒவ்வொருவனும் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டான். அவன் பெயர், வயது, ஊர், கப்பலில் அவனுக்குரிய வேலை, சம்பளம் எல்லாம் அதில் எழுதப்பட்டன. கம்பெனிகளின் கையில் ஏடு இருந்தது. கல்லில் செதுக்க இடமும் இருந்தது. 100 அடித் தூணுக்குச் செலவிட்டவர்கள் 896 பெயர்களுக்குச் சிற்றுளி பிடிக்க ஓர் ஆளை அமர்த்தவில்லை. செல்வர்கள் மனமுவந்து செய்த நற்செயலில் குற்றம் காண்பது தகுமா என்று அன்பர்கள் கேட்கலாம். தூணின் அழகை நான் குறை கூறவில்லை. சில்ஹெட்டில் ஏதோ ஒரு வாய்க்கால் கரைக் குடிசையிலிருந்து ஒரு தாய் வந்து அதன் முன் நின்றிருந்தால், அவளுக்கு அங்கே தொட்டுப் பார்க்க என்ன இருந்திருக்கும் என்பதே என் கேள்வி.

நம் நாட்டில் திருவண்ணாமலை வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. ஆநிரைப் பூசலில் இறந்த வீரனின் பெயரோடு, அவனுடன் நின்று கள்வரைக் கடித்த நாயின் பெயரும் அதில் எழுதப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்த நாய். 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரார்க்குத் தோன்றியது அது.

லஸ்கர்களின் பெயரைத் தேடுவோர் இந்தியாவின் மறு கரைக்குப் போக வேண்டும். பம்பாயில் மஸ்ஜித் பந்தர் பக்கத்தில் இந்தியக் கடலோடிகள் இல்லம் உள்ளது. முதல் யுத்தத்தில் கடலே சமாதியான 2,000-க்கும் மேற்பட்ட கடலோடிகளுக்கு அங்கே நினைவகம் உண்டு. இரண்டாம் யுத்தத்தில் மாண்ட இந்திய வாணிகக் கப்பல் மாலுமிகள் ஏறக்குறைய 6,000 பேர். அவர்கள் பெயர் எழுதிய ஏடு பம்பாயிலும் சிட்டகாங் போர்க் கல்லறைத் தோட்டத்திலும் வைக்கப்பட்டிருக்கிறது. பம்பாய்வாழ் அன்பர்கள் ஒரு ஞாயிறு போய்ப் பார்த்து எழுதினால் நன்றாயிருக்கும். இதற்கிடையே 1947 வந்து சில்ஹெட், நவகாளி, சிட்டகாங் எல்லாம் எல்லைக்கு அப்பால் போய்விட்டன. 1971 முதல் அவை வங்கதேசம். தன் பாட்டனுக்காகக் கட்டிய தூணைப் பார்க்க, இன்று ஒரு பேரன் பாஸ்போர்ட்டும் விசாவும் எடுத்து வர வேண்டும்.

தூண் பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1990களில் கடற்படை அதிகாரி ஒருவர் கண்ணில் பட்டு, அவர் முயற்சியால் செப்பனிடப்பட்டது.

கல்கத்தாவின் மற்றப் போர்ச் சின்னங்களை விரைந்து சொல்லிவிடுகிறேன். மைதானத்தின் வடபகுதியில், லண்டன் மாதிரியைத் தழுவிய வெண்கல் மேடை ஒன்று உண்டு. 1921 இல் வேல்ஸ் இளவரசர் திறந்தது. காரில் போகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். வில்லியம் கோட்டை என்று நெடுங்காலம் வழங்கிய கோட்டையில், கிழக்கு வாயிலருகே விஜய ஸ்மாரகம் இருக்கிறது. 1971 போரில் மாண்டவர்களுக்காக ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 16 அன்று அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். வங்கதேச விடுதலைப் போராளிகளும் வந்து கலந்துகொள்வது வழக்கம். அந்தக் கிழக்கு முனையில் மதராஸ் ரெஜிமெண்ட் வீரர்களும் போரிட்டார்கள் என்பதால், அந்நாள் நமக்கும் உரியது.

பெயருள்ள கல்லைப் பார்க்க வேண்டுமானால் காலேஜ் சதுக்கத்துக்குப் போகவேண்டும். பழைய புத்தகக் கடைகளில் பேரம் பேசிக் களைத்தவர்கள் வந்து உட்காரும் குளக்கரை அது. அங்கே 49 ஆம் வங்காளிப் படையின் நினைவுச் சின்னம் இருக்கிறது. வங்காளிகள் போருக்கு உதவாதவர்கள் என்று ஆங்கிலேயர் வெகுகாலம் ஒதுக்கி வைத்திருந்தனர். அந்தப் பழியைத் துடைக்க வேண்டுமென்று பட்டதாரிகளும் மாணவர்களுமாக 1916 இல் சேர்ந்த படை அது. நவ்ஷேராவிலும் கராச்சியிலும் பயிற்சி பெற்று மெசபொடேமியாவுக்குப் போயிற்று. கவிஞர் நஸ்ருல் இஸ்லாம் இந்தப் படையில் சேர்ந்து கராச்சியில் இருந்தவரே. மாண்டவரில் பலர் பகைவனைக் காணாமலே நோய்க்கு இரையானார்கள். ஆயினும் அவர்கள் பெயர்கள் சலவைக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. படித்த குடும்பத்துப் பிள்ளைகள். ஊரில் கேட்க ஆள் இருந்தது. இவ்வளவுதான் வித்தியாசம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கல்லை விட்டு வீடுகளுக்கு வருவோம். பவானிபூரில் இந்திரா ராய் சாலை என்று ஒரு தெரு உண்டு. பெயரைக் கேட்டு யாரோ ஒரு பெண்மணி என்று நினைத்துவிட வேண்டாம். இந்திர லால் ராய், 1898 டிசம்பர் 2 அன்று கல்கத்தாவில் பிறந்து, லண்டனில் படித்து, பதினெட்டு வயதில் விமானப்படையில் சேர்ந்த பையன். 1918 ஜூலை 6 முதல் 19 வரை, பத்து எதிரி விமானங்களை வீழ்த்தினான். 22 ஆம் தேதி பிரான்ஸின் வானத்திலேயே அவன் விமானம் எரிந்து விழுந்தது. வயது பத்தொன்பது. தாய் லலிதா ராய், லண்டனில் பெண்களின் வாக்குரிமைக்காக ஊர்வலம் சென்றவர். மகனின் கல்லறை பிரான்ஸில் எஸ்தவேல் என்ற சிற்றூரில் இருக்கிறது. அதன்மேல் பிரெஞ்சு மொழியோடு வங்காள எழுத்தும் இருக்கிறது.

டாக்டர் கல்யாண் குமார் முகர்ஜியின் கதை இன்னும் உருக்கமானது. கல்கத்தாக்காரர், இராணுவ வைத்திய சேவையில் இருந்தவர். மெசபொடேமியாவில் குட் நகரம் முற்றுகையிடப்பட்டபோது அதனுள் அகப்பட்டார். 1916 ஏப்ரலில் நகரம் துருக்கியரிடம் வீழ்ந்தது. கைதியாகவே 1917 இல் ராஸ் அல் ஐன் என்ற ஊரில் காய்ச்சல் கண்டு இறந்தார். தாய்க்கு அவர் எழுதிய கடிதங்கள் வீட்டில் இருந்தன. தேசத்தின் பெயரால் மனிதரை மனிதர் கொல்வது என்ன நியாயம் என்று ஆங்கில அரசின் உடுப்பைப் போட்டுக்கொண்டே எழுதிய கடிதங்கள் அவை. அவருடைய பாட்டி மோட்சதா தேவி, காங்கிரஸின் முதல் தலைவரான உமேஷ் சந்திர பானர்ஜியின் சகோதரி. தாமே கவிதை எழுதியவர். பேரன் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், எண்பது வயதில், அக்கடிதங்களையெல்லாம் கோத்து அவன் வாழ்க்கையை அவர் எழுதினார். 1928 இல் ‘கல்யாண் பிரதீப்’ என்ற பெயரில் அந்நூல் வெளிவந்தது. பிரதீபம் என்றால் விளக்கு. பேரன் பாட்டிக்குச் செய்யவேண்டிய கடனைப் பாட்டி பேரனுக்குச் செய்தாள். படைத்தலைவர்கள் எழுதிய மெசபொடேமிய யுத்த வரலாறுகள் பல உண்டு. குடும்பத்தில் அந்த யுத்தம் என்ன செய்தது என்றறிய இந்த ஒரு நூல் போதும்.

ஹௌராவில் லோக்கல் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் சந்தர்நகர். பாண்டிச்சேரி, காரைக்கால்காரர்களுக்கு இந்த ஊர் அந்நியமாகத் தோன்றாது. இதுவும் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். 1916 இல் இங்கிருந்து பிரெஞ்சுப் படையில் சேரப் புறப்பட்ட இளைஞர்கள் பாண்டிச்சேரி வழியாகத்தான் போனார்கள். ஆற்றங்கரைச் சாலையில், பழைய பிரெஞ்சுத் துரையின் மாளிகை இப்போது காட்சிசாலை. நாற்காலி, பீங்கான் பாத்திரம், துய்ப்ளேயின் ஞாபகப் பொருள்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி.

அது ஜோகேந்திரநாத் சென்னுடையது. இந்த ஊர்ப் பிள்ளை. லீட்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் படித்து 1913 இல் பட்டம் பெற்று, அந்நகர மின்சார நிலையத்தில் வேலையில் இருந்தார். 1914 இல் யுத்தம் மூண்டவுடன் அவ்வூர் இளைஞர்கள் சேர்ந்த பட்டாளத்திலேயே தாமும் சேர்ந்தார். அந்தப் பட்டாளத்தில் அவரைவிடப் படித்தவர் சிலரே இருந்திருப்பார்கள். ஆயினும் கடைசிவரை சாதாரணச் சிப்பாய்தான். நிறத்தின் காரணமாகவே மேல் பதவி கொடுக்கவில்லை என்று உடனிருந்த ஆங்கிலேயச் சிப்பாய் ஒருவர் முதுமையில் நினைவுகூர்ந்தார். 1916 மே 22 இரவு, பிரான்ஸில் சோம் போர்முனையில், குண்டுபட்டு இறந்தார். வயது இருபத்தெட்டு. லீட்ஸ் பல்கலைக்கழகத்து நினைவுப் பலகையில் அவர் பெயர் இருக்கிறது. கல்லறையும் பிரான்ஸில் இருக்கிறது.

அவர் உடலில் இருந்த பொருள்கள் மட்டும் கடல் கடந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தன. மூக்குக்கண்ணாடி உடைந்திருக்கிறது. அதில் இரத்தக் கறை படிந்திருக்கிறது. வீட்டார் அதைத் துடைக்கவில்லை.