மூன்று மீட்டர்க் கயிறு

எர்ணாவூரில் நாம் குடியிருக்கும் தெருவின் ஒரு முனையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். மறுமுனையில் கருங்கற்களைக் கொட்டி எழுப்பிய தடுப்பு, அதற்கப்பால் கடல். இங்கே முன்னொரு காலத்தில் கட்டுமரங்களைக் காயவைக்க அகன்ற மணற்பரப்பு இருந்ததென்று முதியவர்கள் சொல்வார்கள். வடக்கு நோக்கி நகரும் மணலைத் துறைமுகத்தின் சுவர்கள் தடுத்து நிறுத்தியதால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே இராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை கரை தேய்ந்தது. தேய்ந்த கரையில்தான் நம்முடைய மாலை நடை.

சென்ற கோடையில் நம் தங்கை மகன் விடுமுறையில் வந்திருந்தான். சரக்குக் கப்பலில் வேலை. மணிக்கட்டில் ஆலிவ் பச்சை நிறத்தில், இரண்டு விரல் அகலத்தில், பாம்பின் முதுகைப்போல் பின்னிய கயிற்றுப் பட்டை ஒன்றை அணிந்திருந்தான். "இது அழகுக்கு இல்லை மாமா. பாராசூட் கயிறு. ஆபத்தில் அவிழ்த்தால் மூன்று மீட்டர் வரும்" என்றான். கப்பலில் ஓய்வு நேரத்தில் அவனே பின்னியதாம். நமக்கும் பின்னக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டோம். பணி ஓய்வு பெற்ற ஆசிரியனுக்கு மாணவனாகும் வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லையன்றோ?

அந்தக் கயிற்றின் கதை சுவையானது. 1935-இல் வாலஸ் கரோத்தர்ஸ் என்னும் அமெரிக்க வேதியியலாளர் நைலானைக் கண்டறிந்தார். இரண்டாம் உலகப்போரில் பட்டு கிடைக்காமற்போகவே பாராசூட் துணியும் கயிறும் நைலானுக்கு மாறின. குதித்த வீரர்கள் தரையில் இறங்கியபின் கயிற்றை எறியாமல் அறுத்து வைத்துக்கொண்டார்கள். கூடாரம் கட்ட, மூட்டை கட்ட, கிழிந்ததைத் தைக்க அது உதவிற்று. மேலே பின்னிய உறை, உள்ளே ஏழு நூல்கள். உறை தேய்ந்தாலும் உள்நூல் தாங்கும். உள்நூலை உருவினால் தையலுக்கும் தூண்டிலுக்கும் ஆகும். தரமான கயிறு 550 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 250 கிலோ இழுவையைத் தாங்கும். 1997-இல் ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கப் போன விண்வெளி வீரர்கள், கிழிந்த வெப்பக்காப்பு உறையை ஒட்டுப்போட இவ்வகைக் கயிற்றையும் பயன்படுத்தினார்கள். விண்வெளியிலும் ஓட்டைக்கு ஒட்டு கயிறுதான் என்பதில் நமக்கு ஏனோ ஒரு மகிழ்ச்சி.

பின்னும் முறை கடினமன்று. மணிக்கட்டின் அளவுக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டு, கொக்கியின் இரு பாதிகளுக்கும் நடுவே கயிற்றை இரட்டையாக ஓட்ட வேண்டும். இவை நடு இழைகள். மீதமுள்ள இரு நுனிகளும் இருபுறமும் தொங்கும். வலப்புற நுனியை நடு இழைகளின் மேலாக இடப்புறம் கொண்டுபோக வேண்டும். இடப்புற நுனியை அதன்மேல் வைத்து, நடு இழைகளுக்கு அடியில் செலுத்தி, வலப்புறம் உண்டான வளையத்துக்குள் மேலாக இழுத்து இறுக்க வேண்டும். அடுத்த முடிச்சு இடப்புறத்திலிருந்து தொடங்கும். இப்படி மாறி மாறி. மறந்துபோய் ஒரே புறத்திலிருந்து தொடர்ந்து போட்டால் பட்டை முறுக்கிக்கொண்டு திருகு படிக்கட்டாகிவிடும். நம் முதல் பட்டை அவ்வாறே ஆயிற்று. "இதுவும் ஒரு வகைதான் மாமா" என்று மருமகன் மரியாதை காத்தான். பட்டையின் நீளத்தைப்போல் ஏறத்தாழப் பன்னிரண்டு பங்கு கயிறு உள்ளே போய்விடுகிறது. முடிவில் நுனிகளை நறுக்கித் தீக்குச்சியால் இலேசாக உருக்கி அழுத்தினால் பிரியாது.

மேலைநாட்டார் இப்பின்னலுக்குச் சாலமோன் பட்டை என்றும் பெயரிட்டிருக்கிறார்கள். ஞானி சாலமோனுக்கும் இதற்கும் என்ன உறவென்று நமக்குத் தெரிந்தவரை எவரும் விளக்கவில்லை. சபை உரையாளர் நூலில் வரும் முப்புரிக் கயிற்றை இங்கே இழுத்து வருவது எளிது. வாசகர்கள் திருமண மறையுரைகளில் அதைப் போதுமான அளவு கேட்டிருப்பார்கள், ஆகவே விட்டுவிடுகிறோம்.

மூன்றாம் நாள் மாலை, நாம் இரண்டாவது பட்டையைப் பின்னிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பெரியவர் திண்ணையில் வந்து அமர்ந்தார். அறுபத்தைந்து வயதுவரை கடலுக்குப் போனவர். இப்போது வலை பழுதுபார்க்கிறார். 2017 சனவரி 28-ஆம் நாள் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, வழிந்த எண்ணெய் நம் கரையில் ஒதுங்கியபோது, வாளியால் அந்தக் கருஞ்சேற்றை அள்ளியவர்களில் அவரும் ஒருவர். 2023 திசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் மீண்டும் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது அவருடைய வலைகள் பாழாயின. அதைப்பற்றி அவர் நீளப் பேசியதில்லை. கடலைப்பற்றியே அவர் நீளப் பேசியதில்லை.

மருமகனின் கையிலிருந்த பட்டையைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது. அவுக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

"கொஞ்ச நேரந்தான் தாத்தா" என்றான் அவன்.

பெரியவர் நம் வீட்டுக் குடத்தில் கையை நனைத்துக்கொண்டு அவிழ்க்கத் தொடங்கினார். வலை முடிச்சுகளிலேயே வாழ்ந்த விரல்கள். இருந்தும் நம் இல்லத்தரசி கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை வேலை முடியவில்லை. நடுவில் ஒருமுறை வீட்டிலிருந்து வலை ஊசியை எடுத்துவரச் சொல்லி அதன் முனையால் நெம்பினார். கடைசி முடிச்சு பிரிந்ததும் கயிற்றை முழம் போட்டு அளந்தார். ஆறரை முழத்துக்குச் சற்றுக் குறைவு.

"கயிறு மோசமில்ல. பின்னல்தான் தப்பு. இத்த அவுக்கற வரைக்கும் அல நிக்குமா?"

நமக்குச் சிரிப்பு வந்தது. மருமகனுக்கு வரவில்லை, அவனுடைய பல மாலை நேரங்கள் திண்ணையில் நெளிநெளியாய்க் கிடந்தன.

பெரியவர் தம் இடக்கையை நீட்டினார். மணிக்கட்டைச் சுற்றி வெளுத்த தழும்பு ஒன்று வளையல்போல் ஓடியது. பல ஆண்டுகளாக நாம் பார்த்துவரும் தழும்பு. ஏதோ ஒரு தொழிற்சாலை விபத்தென்று எண்ணியிருந்தோம். இந்தப் பகுதியில் கையில் தழும்பில்லாத ஆண்பிள்ளை குறைவு, ஆகவே கேட்டதில்லை.

"கைல கட்டக்கூடாது வாத்யாரே. இதான் அத்தாட்சி."

அன்று அவர் சொன்னது இவ்வளவே. அவரும் அவர் தம்பியும் சென்ற படகு இரவில் கவிழ்ந்தது. எண்ணெய்க் கேன் ஒன்று காலியாக மிதந்தது. அதன் கைப்பிடியில் வலையின் மேற்கயிற்றில் ஒரு துண்டு சிக்கியிருந்தது. அண்ணன் அதன் நுனியைத் தம் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்துகொண்டார். தம்பி நீந்துவதில் கெட்டிக்காரர். கேனைக் கையாலேயே பற்றிக்கொண்டார். விடியும்வரை பேசிக்கொண்டே இருந்தார்கள். பிறகு அண்ணன் சற்றே கண்ணயர்ந்தார் போலும். உப்பும் கயிறும் அறுத்த மணிக்கட்டின் எரிச்சல் அவரை எழுப்பியபோது கேனின் மறுபுறத்தில் ஒருவரும் இல்லை.

"கூப்ட்டுக்கினே இருந்தேன். மத்தியானம் ஒரு படகு வந்து தூக்குச்சு." சிறிது நேரம் கழித்து, "கை தூங்கிடும் வாத்யாரே, கயிறு தூங்காது" என்றார்.

திண்ணையில் நாம் மூவரும் வெகுநேரம் பேசவில்லை. சாலையில் லாரிகள் போயின.

அவர் சொன்னதை நாம் பிறகு எண்ணிப் பார்த்தோம். மூடி இறுகிய 20 லிட்டர்க் கேன் ஒன்று நீரில் ஏறத்தாழ 19 கிலோவை மிதக்கவைக்கும். கடல்நீரில் மனிதனின் தலையை மேலே நிறுத்த அதில் ஒரு பகுதியே போதும். எனவே கேன் இரண்டு பேருக்கும் போதுமானதாகவே இருந்திருக்கிறது. குறைந்தது கயிறுதான், அதுவும் ஒரு பாகம்! 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் கன்னியாகுமரிக் கடற்கரையின் நம் மக்கள் பலரை இழந்தோம். கவிழ்ந்த படகையும் கேன்களையும் பற்றி நாட்கணக்கில் மிதந்து மீண்ட சிலரும் இருந்தார்கள். உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்பது உண்மையே. ஆயினும் வலை இழுக்கும்போது அது இடைஞ்சலென்று கழற்றி வைப்பவர்களே மிகுதி. கழற்றி வைக்காத ஒன்று அவர்கள் உடம்பில் உண்டென்றால் அது அரைஞாண்தான்.

பெரியவர் அதைத்தான் செய்யப் போனார். மறுநாள் காசிமேட்டுக் கடையிலிருந்து நான்கு மீட்டர் பாராசூட் கயிறு வாங்கி வந்தார். கடைக்காரர் முதலில் காட்டிய கயிற்றின் நுனியை அறுத்துப் பார்த்தாராம். உள்ளே ஏழு நூல் இல்லை, பஞ்சுபோல் ஏதோ திணித்திருந்தது. அதைத் தள்ளிவிட்டு வேறொன்று கேட்டிருக்கிறார். வாங்க நினைக்கும் வாசகர்களும் நுனியைப் பார்த்தே வாங்குக.

அவர் போட்ட பின்னல் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்ததே. ஒரு சுருக்கு வளையம், அதற்குள் விரலை விட்டு அடுத்த மடிப்பை இழுப்பது, அதற்குள் அடுத்தது. குரோஷா ஊசியில் போடும் சங்கிலிப் பின்னல். அரிசி மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் நூலும் இதே இனம்: சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுவதும் கழன்றுவிடும், தவறான முனையை இழுத்தால் கத்திரிக்கோல் தேட வேண்டியதுதான். நான்கு பங்குக் கயிறு ஏறத்தாழ ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஆகவே நான்கு மீட்டர், ஓர் இளைஞனின் இடுப்பைச் சுற்றி வந்து முடிய இடமும் தருகிறது. கடைசி வளையத்துக்குள் வால் முனையைச் செருகிவிட்டால் பூட்டு. மாட்டுவதற்கு ஒருபுறம் வளையம், மறுபுறம் குமிழ் முடிச்சு. கொக்கி இல்லை, பிளாஸ்டிக் வெயிலில் வெடிக்கும் என்றார்.

ஈரக் கையோடு வாலை உருவி இழுத்துக் காட்டினார். மருமகன் பத்து எண்ணுவதற்குள் நான்கு மீட்டரும் திண்ணையில் கிடந்தது. மீண்டும் பின்னினார்.

நைலான் கயிறு நீரில் மூழ்கும், நனைந்தால் வலிமையில் சிறிது குறையும், முடிச்சு விழுந்த இடத்தில் இன்னும் குறையும் என்று மருமகன் தன் கப்பல் அறிவைச் சொன்னான். மிதக்கும் பாலிபுரொப்பிலீன் கயிறு மேலல்லவா என்று கேட்டான். பெரியவர் அதை மறுக்கவில்லை. ஆனால் அது சொரசொரப்பு, இடுப்பை அறுக்கும், அறுப்பதை எவனும் கட்டமாட்டான் என்றார். இடுப்பிலும் கேனிலும் கட்டிய கயிறு எங்கே மூழ்கிப் போகும் என்பது அவர் கேள்வி.

அப்பேச்சினிடையே நமக்கு இராயபுரத்துப் படகோட்டிகள் நினைவுக்கு வந்தார்கள். சென்னையில் துறைமுகம் கட்டப்படுமுன் கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிடும். அலையைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் ஆணி பிளக்கும், தையல் இளகிக்கொடுத்துத் தாங்கும். உடன் சென்ற கட்டுமரக்காரர்களோ பனை ஓலையில் நெய்த கூம்புத் தொப்பி அணிந்து, அதற்குள் கப்பலுக்கான கடிதங்களை நனையாமல் கொண்டுபோவார்கள். புனித பேதுருவின் ஆலயத்தை இராயபுரத்தில் எழுப்பிய படகோட்டிக் குலத்தாருக்குக் கயிறும் ஓலையுமே கருவியாகவும் காப்பாகவும் இருந்தன. பாராசூட் கயிற்றைப் புதுமையென்று எண்ணிய நாம் சற்று வெட்கினோம். கட்டுமரம் என்ற சொல்லிலேயே கட்டு முன்னே நிற்கிறதே.

பெரியவர் அரைஞாணைத் தம் பேரனுக்காகச் செய்தார். பள்ளியை முடித்துவிட்டு அந்த மாதந்தான் பையன் கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தான். அவனுக்கு நாணம், சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னதும் ஓடப் பார்த்தான். தாத்தா விடவில்லை. நம் எல்லோர் முன்னிலையிலும் கட்டி, குமிழை வளையத்தில் மாட்டி, வால் முனை எந்தப் பக்கம் என்று அவன் கையைப் பிடித்துத் தொட்டுக் காட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தேடச் சொன்னார். பையன் இரண்டு முறை தவறினான். மூன்றாம் முறை சரியாகப் பிடித்தான். "திரும்ப" என்றார். ஒன்பது பத்து முறை ஆனபின்னும் "திரும்ப" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

மருமகனுக்கும் அதுபோல் ஒன்று வேண்டுமாம். திண்ணையில் கிடந்த அவனுடைய பழைய கயிறு இடுப்புக்குப் போதாது. புதிதாக வாங்கிப் பெரியவரிடமே கற்றுப் பின்னி அணிந்துகொண்டு கப்பலுக்குத் திரும்பினான். பழையதை என்ன செய்வதென்று கேட்டோம். பெரியவர் உறையை நீளவாக்கில் கீறி, உள்ளிருந்த ஏழு நூல்களையும் ஒவ்வொன்றாக உருவினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். "வலைக்கு ஆவும்" என்று சொல்லி, ஊசியில் சுற்றி எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து போனார்.